ஞானத் தேடலை இமாம் கஸ்ஸாலியிடமிருந்து தொடங்குங்கள்

ஞானப் பாதையில் நாட்டம் வந்ததும் நம் பிள்ளைகள் பலர் உடனே ஒரு ஷைகை, அதாவது ஞானகுருவைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் பதினோராம் நூற்றாண்டு மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலியைப் படியுங்கள் என்பேன். அவர் தம்முடைய தேடலைத் தாமே எழுதிவைத்த 'அல் முன்கித்' சின்ன நூல்தான். பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் பேராசிரியராக இருந்தவர், 1095இல் நாக்கு எழாமல், சோறு இறங்காமல், வைத்தியர்களும் கைவிரித்த நிலையில் பதவியைத் துறந்து டமாஸ்கஸ் போனார். அந்தக் கதைக்கு அவசரப்படாதீர்கள். முதலில் வரும் சந்தேகப் பகுதியில்தான் தங்க வேண்டும்.

அதில் நிழலைப் பற்றிச் சொல்கிறார். அதை நீங்களே செய்து பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு மொட்டைமாடியில் ஒரு குச்சியை நிறுத்தி, நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் மாடியிலிருந்து வடக்கே ஏற்காட்டு மலை தெரியும். நான் மலையைப் பார்க்காமல் அந்தச் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். நிழல் நிற்கிறது என்றுதான் கண் சத்தியம் செய்யும். அரைமணி கழித்துப் பார்த்தால் நுனி கோட்டைவிட்டு விலகியிருக்கும். சரி, கண் சொன்னது தப்பு என்று அறிவு தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த அறிவுக்கும் மேலே ஒரு நீதிபதி இருந்தால்? இமாம் இந்தக் கேள்வியில் சுமார் இரண்டு மாதம் கிடந்தார். அதிலிருந்து தம்மை மீட்டது வாதம் அல்ல, அல்லாஹ் நெஞ்சில் இட்ட ஒளி என்கிறார்.

அதற்காகத் தத்துவத்தை வெறுக்க வேண்டாம். கிரகணக் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர்களை இதே நூலில் அவர் கண்டிக்கிறார். பஞ்சு எரிவது நெருப்பால் அல்ல, இறை நாட்டத்தால் என்று வேறொரு நூலில் வாதிட்டார். காரண காரியத்தை மறுத்தால் அறிவையே மறுத்ததாகும் என்று தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து பின்னால் பதில் எழுதினார். தினமும் உலையில் வெள்ளி உருகுவதைப் பார்க்கும் எனக்கு இப்னு ருஷ்தின் பக்கமும் நியாயமாகவே படுகிறது. இருவரையும் படியுங்கள்.

அப்புறம் படிப்பை நிறுத்தி, செயலில் இறங்குங்கள். இமாமின் பெருநூலான 'இஹ்யா'வின் 40 நூல்களில் 38ஆவது இதற்கானது. வியாபாரி தன் பங்காளியிடம் கணக்குக் கேட்பதுபோல் நஃப்ஸிடம், அதாவது உன் மனத்திடம் கேள் என்கிறார். எங்கள் கொலுசுப் பட்டறையில் காலையில் வெள்ளியை எடைபோட்டுக் கொடுப்போம். மாலையில் கொலுசு, துண்டு, ராவிய தூள் எல்லாவற்றையும் திரும்ப எடைபோட்டு, சேதாரம் போக மிச்சம் சரியா என்று பார்ப்போம். அதே கண்டிப்பு இங்கேயும் வேண்டும். விடியற்காலை சுபுஹு தொழுததும் நஃப்ஸுக்கு நிபந்தனை போடுங்கள். கண், காது, நாக்கு, வயிறு, மர்ம உறுப்பு, கை, கால் என்று ஏழு உறுப்புகளை இமாம் சொல்கிறார். நீங்கள் முதலில் நாக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு இஷா தொழுகைக்குப் பின் ஒரு நோட்டில், யாரைப் பற்றி, யாரிடம், என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள். 'கோபப்பட்டேன்' என்று பொதுவாக எழுதினால் கணக்கு ஆகாது. பேசிய வார்த்தையே நோட்டில் ஏற வேண்டும். அபராதமும் உண்டு. புறம் பேசியிருந்தால் மறுநாள் அந்த ஆளை நீங்களே தேடிப்போய் சலாம் சொல்லுங்கள்.

நோட்டை மூடிவிட்டு சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணிகளில் ஒன்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டே வரி, நம் தமிழ். நாளுக்கு ஒன்று போதும்.

வேலையை விடணுமா என்று கேட்பவர்களுக்கு: இமாமே பிள்ளைகளுக்கு வேண்டியதை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் போனார், 1106இல் நிஷாபூரில் மறுபடி பாடம் நடத்த வந்தார். கடையைப் பூட்ட வேண்டாம்.

சில மாதம் கணக்கு எழுதிய பிறகு ஷைகைத் தேடுங்கள். அவர் தொழுகையையும், வீட்டாரிடமும் வேலைக்காரரிடமும் பேசும் விதத்தையும் கவனியுங்கள். முதல் சந்திப்பிலேயே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.