ஐப்பசி மழையில் தூண்டில்: கூட்டாளிகளோடு போகும்போது செய்யக் கூடாதவை

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்துவிட்டால் எங்கள் செட்டுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களுக்குப் பெரியாறு வாய்க்கால் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து வந்திருக்கும். கெண்டையும் ஜிலேபியும் கரையோரப் புல்லுக்குள் மேய ஏறியிருக்கும். மதுரையிலிருந்து முக்கால் மணி நேரம் வண்டியை விட்டால் போதும். ஆனால் வருஷத்தில் ஆபத்து அதிகமான நாட்களும் இவைதான்.

பெரிய தவறு எதுவென்று கேட்டால், நான் தூண்டிலையும் இரையையும் சொல்ல மாட்டேன். "கிளம்பலாம்" என்று யார் சொல்வது என்பதைப் பேசி வைக்காமல் போவதுதான். ஒரு முறை நாலு பேர் ஒரு கண்மாய்க் கரையில் இருந்தோம். மூன்று மணிக்கே மேற்கே கருத்துவிட்டது, இடியும் கேட்டது. மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தது. "இன்னும் ரெண்டு மீன், மாப்ள" என்றான் ஒருவன். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோமே தவிர யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரைப் பனை ஒன்றில் மின்னல் இறங்கி, கொண்டை பற்றி எரிந்தது. திரும்பி வரும்போது பேசினால், முதல் இடியிலேயே நாலு பேருக்கும் பயம் வந்திருக்கிறது. பயந்தவன் என்று பேர் வந்துவிடுமோ என்று ஒவ்வொருவரும் அடக்கி வைத்திருந்தோம். அன்றிலிருந்து ஒரே சட்டம்தான். யார் "போவோம்" என்றாலும் எல்லாரும் தூண்டில் நரம்பைச் சுருட்ட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

மின்னலைக் கண்ணால் பார்த்துத் தூரத்தை மதிப்பிடுவதும் தவறு. எண்ணிப் பாருங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். மின்னி 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் தலைக்கு மேலேயே விழலாம். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிஷம் போகும்வரை கரைக்குத் திரும்பாதீர்கள். பனை மரத்தடி, கருவேல மரத்தடி, மேடான கரை எதுவும் ஒதுங்க ஏற்றதல்ல. கான்கிரீட் கட்டடமோ கதவு அடைத்த காரோதான் பாதுகாப்பு. பைக்கில் போகிறவர்கள் தூண்டில் போடும் முன்பே பக்கத்தில் பள்ளிக்கூடமோ ஊர்ச் சாவடியோ எங்கே இருக்கிறது என்று பார்த்து வைக்க வேண்டும். இப்போது பலரிடம் கார்பன் தூண்டில் கம்பு இருக்கிறது. அது மின்சாரம் கடத்தும். இடி கேட்டதும் அதைக் கீழே வைத்துவிடுங்கள். மின்கம்பி போகும் இடத்தில் எந்தக் கம்பையும் நிமிர்த்தாதீர்கள், நனைந்த மூங்கிலைக் கூட. கைப்பேசியில் தாமினி செயலி இருந்தால் 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் நடமாட்டத்தைக் காட்டும். இந்தப் பருவத்தில் நம் பக்கம் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டுகிறது. விடியக்காலை போய் பதினோரு மணிக்குள் திரும்புவது நல்லது.

அடுத்தது பள்ளம். கோடையில் கண்மாய்க்குள் மண் அள்ளியிருப்பார்கள். வண்டல் எடுத்த குழி சரிவாக இருக்காது, சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கும். மழைக்குப் பிறகு எல்லாம் ஒரே செந்தண்ணீர். முழங்கால் ஆழம் என்று ஓர் அடி எடுத்து வைத்தால் அடுத்த அடியில் ஆள் மூழ்கிவிடலாம். சிக்கிய தக்கையை எடுக்க இறங்கிய எங்கள் கூட்டாளி ஒருவன் கழுத்தளவு போய்விட்டான். கரையில் இருந்தபடியே மூங்கிலை நீட்டியதால் பிடித்து ஏறினான். நானும் குதித்திருந்தால் இரண்டு பேர் போயிருப்போம். தண்ணீரில் தவிப்பவருக்கு வீச, கயிறு கட்டிய காலி ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். நரம்பு அறுந்தால் அறுந்து போகட்டும், பத்து ரூபாய்த் தூண்டில் முள்ளுக்காகத் தண்ணீரில் இறங்காதீர்கள்.

கண்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் வழியும் (மறுகால் பாயும்) கல்கட்டான கலுங்கில் ஏறி நிற்பதும் இதே வகைதான். பாசி பிடித்த கல்லில் கணுக்கால் அளவு ஓட்டமே ஆளைத் தள்ளப் போதும். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடைக்கு முன்னால் தண்ணீர் அமைதியாகத் தெரியும், உள்ளே இழுப்பு இருக்கும்.

வைகைக்குள் இறங்குகிறவர்கள் மதுரையில் மழை இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. மழை தேனிப் பக்கம் பெய்யும், தண்ணீர் இங்கே வரும். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. காலையில் அணை மட்டத்தைப் பார்க்காமல் ஆற்றுக்குள் போகவே போகாதீர்கள்.

சரி, மீனுக்கு வருவோம். கலங்கிய தண்ணீரில் மைதா உருண்டை பார்வைக்குத் தெரியாது, சீக்கிரம் கரைந்தும் போகும். மண்புழுவைக் கோத்தால் வாசனைக்கு வரும். நடுக்கண்மாய்க்கு வீசுவதும் வீண். மீன் உங்கள் காலடிப் புல்லில்தான் நிற்கிறது. நாலு பேரும் அங்கே நின்று சத்தம் போட்டால் அது ஓடத்தான் செய்யும். தள்ளித் தள்ளி உட்காருங்கள். கெளுத்தி மாட்டினால் விறைத்த கையால் தூண்டில் முள்ளைக் கழற்றாதீர்கள், மீனைத் துணி சுற்றிப் பிடியுங்கள். அப்படியும் கெளுத்தியின் முள் குத்திவிட்டால் கை தாங்கும் சூட்டில் வெந்நீரில் வைத்தால் கடுப்பு அடங்கும். பிளாஸ்க்கில் டீயோடு வெந்நீரும் கொண்டுபோவது இதற்காகத்தான். காயம் ஆழமாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். காலில் வெடிப்பு இருந்தால் தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நிற்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது.

கண்மாயை மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) குத்தகைக்கு எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தண்ணீரின் மேல் செக்கச்செவேல் என்று பொடிக் குஞ்சுகள் மொத்தமாகக் கொதிப்பதைப் பார்த்தால், அங்கே தூண்டிலைப் போடாதீர்கள். அடியில் தாய்விராலும் தகப்பன் விராலும் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. எனக்கு மனசு கேட்காத விஷயம் இது.

கிளம்பும் முன் வீட்டில் "மேலூர்ப் பக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அங்கே எத்தனை கண்மாய்! தோள்பையில் தண்ணீர் புகுந்து கைப்பேசி செத்துவிட்டால் எங்கே தேடுவார்கள்? கண்மாயின் பெயர், எந்த மடைப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஒரு தாளில் எழுதி, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077 இரண்டு எண்ணையும் அதிலேயே குறித்து, அடுப்படியில் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டுப் போங்கள்.