நிலமுனையருகே எழும் குளிர்நீரும் பசுமையும்: செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் முறை

நேராக ஓடும் கடற்கரையோரம் ஆழ்நீர் மேலெழுவதும், நிலம் கடலுக்குள் நீண்டிருக்கும் முனையருகே அது மேலெழுவதும் ஒன்றல்ல. முனை இரண்டு வேலைகளைச் செய்கிறது: குளிர்நீர் எங்கே மேலே வரும் என்பதையும், மேலே வந்த நீர் எங்கே தங்கும் என்பதையும் அது தீர்மானிக்கிறது. இந்த இரண்டு இடங்களையும் பிரித்தறியப் பழகுவதற்கு வடக்குக் கலிபோர்னியாவில் பாயின்ட் அரீனா முதல் பாயின்ட் ரேயஸ் வரையுள்ள கரை மிகப் பொருத்தமானது. ஏறக்குறைய ஒரு பாகை அட்சரேகை இடைவெளியில் அமைந்த இவ்விரு முனைகளுக்கு இடையே 1980களின் தொடக்கத்திலிருந்தே காற்றும் நீரோட்டமும் விரிவாக அளக்கப்பட்டுள்ளன.

ஏப்ரல் முதல் ஜூலை வரையுள்ள காலத்தில் சில வாரங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். நீரின் படத்தைத் திறப்பதற்கு முன் காற்றைப் பாருங்கள். அமெரிக்கத் தேசியத் தரவு மிதவை மையத்தின் 46014 (பாயின்ட் அரீனா), 46013 (போடேகா பே) ஆகிய மிதவைகளின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து வடமேற்குக் காற்று எந்த நாளில் வலுத்தது, எந்த நாளில் தணிந்தது என்று ஒரு வரைபடம் வரைந்துகொள்ளுங்கள். வடகோளத்தில், புவிச்சுழற்சியின் விளைவாக, மேற்பரப்பு நீரின் மொத்த நகர்வு காற்று செல்லும் திசைக்கு வலப்புறமாக அமைகிறது. இக்கரையில் வலப்புறம் என்பது திறந்த கடல். அவ்வாறு விலகிச் செல்லும் நீரின் இடத்தை நிரப்பவே, கடல் தாவரங்களுக்கு உரமாகும் நைட்ரேட் நிறைந்த ஆழ்நீர் மேலே வருகிறது.

இங்கே முனையின் பங்கு காற்றிலேயே தொடங்கிவிடுகிறது. கோடையில் இக்கடலின் மீது குளிர்ந்த காற்று சில நூறு மீட்டர் தடிப்புள்ள படலமாக, மேலே வெப்பக்காற்றாலும் பக்கத்தில் கரையோர மலைகளாலும் அடைபட்டு ஓடுகிறது. முனையைக் கடந்ததும் கரை உள்வாங்குவதால் அப்படலம் பரந்து, மெலிந்து, வேகம் பெறுகிறது. ஆகவே காற்றின் உச்சவேகத்தை முனையின் நுனியில் தேடாமல் அதன் தென்புறத்தில் தேட வேண்டும்.

அடுத்து, கடல்மேற்பரப்பு வெப்பநிலைப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வெயிலில் மேற்பரப்பு மட்டும் சூடேறி ஏமாற்றக்கூடும் என்பதால் இரவில் எடுத்த படங்களே நல்லவை. வண்ண அளவுகோலை எல்லாப் படங்களுக்கும் ஒன்றாக, எடுத்துக்காட்டாக 8 முதல் 16 பாகை செல்சியஸ் வரை, நிலைநிறுத்துங்கள். மென்பொருள் தானாகத் தீர்மானிக்கும் அளவுகோலை ஏற்றால் அமைதியான நாளும் குளிர்ந்த நாளைப் போலவே தோன்றும். வலுத்த காற்றுக்குப் பின் பாயின்ட் அரீனாவையொட்டிக் குளிர்நீர்த் திட்டு ஒன்று தெரியும். அதிலிருந்து நாக்குப் போன்ற நீட்சி கடலுக்குள் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் செல்வதுண்டு.

இதன் பிறகுதான் பச்சையப் படத்துக்கு, அதாவது நீரில் மிதக்கும் நுண்தாவரங்களின் அளவைக் காட்டும் படத்துக்கு, வர வேண்டும். புதிதாகப் பழகுவோர் பலர் மிகக் குளிர்ந்த இடமே மிகப் பசுமையான இடமாக இருக்கும் என்று எதிர்பார்க்கின்றனர். ஆனால் அப்போதுதான் மேலெழுந்த நீரில் சத்து நிறைந்திருந்தாலும் அந்த நுண்தாவரங்கள் (தாவர மிதவையுயிரிகள்) குறைவு. இருப்பவையும் வலுத்த காற்றால் ஒளி குன்றிய ஆழம் வரை கலக்கப்படுகின்றன. போடேகா பே அருகே 2000களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகள், மேலெழுச்சிக்குப் பின் காற்று 3 முதல் 7 நாள்கள் தணிந்திருக்கும்போதே பச்சையம் நன்கு திரள்கிறது என்று காட்டின. ஆகவே குளிர்நீர்ப் படத்தை அதே நாளின் பச்சையப் படத்தோடு மட்டும் ஒப்பிடாமல், அடுத்து வரும் ஒரு வாரத்தின் படங்களை வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள்.

அப்படி ஒப்பிடும்போது முனையின் இரண்டாவது வேலை தெரியவரும். பாயின்ட் ரேயஸின் தெற்கே டிரேக்ஸ் விரிகுடா காற்றுக்கும் குளிர் ஓட்டத்துக்கும் மறைவான இடம். இங்கே நீர் தேங்கி, வெதுவெதுப்பாகி, அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்பதால் உயிரிகள் ஒளியுள்ள மேலடுக்கில் தங்கிப் பெருகுகின்றன. இன்னும் தெற்கேயுள்ள மான்டரே விரிகுடாவிலும் இதையே காணலாம்: ஆன்யோ நுவேவோ முனையருகே எழும் குளிர்நீர் விரிகுடாவின் வாயைக் குறுக்காகக் கடந்து தெற்கே செல்ல, சான்டா குரூஸை அடுத்த வடமூலை வெதுவெதுப்பாகவும் பசுமை அடர்ந்தும் இருக்கிறது. காற்று தணிந்ததும், பாயின்ட் ரேயஸின் தெற்கே தங்கியிருந்த வெப்பநீர் முனையைச் சுற்றிக் கரையோரமாக வடக்கே ஏறுவதையும் அடுத்தடுத்த படங்களில் பின்தொடரலாம். எனக்கு இப்படவரிசையில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

கரையையொட்டிய புள்ளிகளை அப்படியே நம்பிவிட வேண்டாம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து வெளிவரும் கலங்கல் நீரும் பச்சையம் போலக் கணக்கிடப்படக்கூடும். மேலும், செயற்கைக்கோள் மேலடுக்கை மட்டுமே காண்கிறது. சற்றுக் கீழே திரண்டிருக்கும் உயிரிகள் அதன் பார்வைக்குத் தப்பிவிடுகின்றன.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கன்னியாகுமரியைச் சுற்றி நிகழும் மேலெழுச்சியையும் இதே வரிசையில் ஆராயலாம். ஆனால் அப்போது மேகமூட்டம் மிகுதி. மேகத்தை ஊடுருவாத அகச்சிவப்புக் கதிரால் வெப்பநிலையை அளக்கும் படங்கள் பல நாள்கள் வெறுமையாகவே இருக்கும் என்பதால் எட்டு நாள் தொகுப்புப் படங்களைப் பயன்படுத்துங்கள். மேகத்தை ஊடுருவும் நுண்ணலைப் படங்களைத் துணையாக வைத்துக்கொண்டாலும், நிலத்தின் குறுக்கீட்டால் அவற்றின் கரையோரப் புள்ளிகளை ஒதுக்கிவிட வேண்டியிருக்கும்.