சிறுவர் கதைக்கு ஓசை சேர்ப்பது எப்படி?

சிறுவர் கதையைப் பெரும்பாலும் ஒருவர் படிக்க, குழந்தை கேட்கிறது. ஆகவே நிகழ்ச்சிகளை எழுதி முடித்த பின், ஓசைக்கென்று தனியாக ஒருமுறை அமர வேண்டும். ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதைத் திருத்திப் பார்ப்போம்: “யானை வந்ததும் விலங்குகள் பயந்து ஓடின.”

படி 1: வரியை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு எங்கும் தடுக்கவில்லை. ஆனால் யானையின் கனமும் ஓட்டத்தின் வேகமும் காதில் விழவில்லை.

படி 2: இரட்டைக்கிளவியைச் சேருங்கள். “திம் திம் என்று யானை வந்தது. குடுகுடுவென ஓடியது முயல். சரசரவெனப் புதருக்குள் நுழைந்தது பாம்பு. படபடவெனப் பறந்தது புறா.” பொதுவாக நின்ற “விலங்குகள்” இப்போது மூன்று உயிர்களாகிவிட்டன. “குடுகுடு” முழுவதும் குறில் என்பதால் சொல்லும்போது நாக்கும் சேர்ந்து ஓடுகிறது. “திம்” என்பதோ வாயை மூடி முடிவதால் ஒவ்வோர் அடியும் ஊன்றி நிற்கிறது. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்பது இலக்கணம். பொருள் தேடாமல் ஓசையாகவே அதைக் குழந்தை பிடித்துக்கொள்வதால், சிறுவர்க்கு எழுதுவோருக்கு இதைவிட நல்ல கருவி தமிழில் இல்லை என்பேன்.

படி 3: பாத்திரங்களுக்கு மோனையில், அதாவது சொற்களின் முதலெழுத்து ஒன்றிவரும்படி, பெயர் வையுங்கள். “முட்டைக்கண் முயல்” எளிதில் நினைவில் நிற்கும். மகரமும் வகரமும் மோனையில் இனம், அதாவது ஒன்றுக்கு ஒன்று ஈடாக வரலாம் என்பதால் “வாலாட்டும் மான்” என்பதும் பொருந்தும். “முரட்டு முயல் முன்னங்காலால் முள்ளை முறித்து முழித்தது” என்று நீட்டினால் நாப்பயிற்சிதான் மிஞ்சும், கதை நகராது.

படி 4: அவசரம் வேண்டிய இடத்தில் மட்டும் அடுக்குத்தொடர் போதும்: “ஓடு, ஓடு, ஓடு!” செய்யுளில் இசை நிறைப்பதற்குக்கூட ஒரு சொல்லை அடுக்க நான்கு முறைதான் எல்லை என்கிறது நன்னூல் என்னும் இலக்கண நூல்.

படி 5: திரும்பத் திரும்ப வரும் ஒரு வரியை அமையுங்கள். “யானை போயிற்றா?” என்று புதருக்குள்ளிருந்து பாம்பு கேட்கிறது. “இல்லை, இல்லை, இன்னும் இல்லை” என்கிறது மரத்திலிருக்கும் புறா. அடுத்து மான் கேட்கிறது, அதே விடை. மூன்றாம் முறை புறா வாய் திறக்குமுன், “இல்லை, இல்லை, இறங்க மனமில்லை” என்று யானையின் முதுகிலிருந்து முயல் பதில் சொல்கிறது. முன்னிரண்டு விடைகளும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தால்தான் இந்த மாற்றம் சிரிப்பை வரவழைக்கும்.

பிறகு ஒரு குழந்தைக்குப் படித்துக் காட்டுங்கள். இரண்டாம் முறை அந்த வரியை உங்களோடு சேர்ந்து சொல்லாவிட்டால், வரி நீளமாக இருக்கிறதா என்று பார்த்துச் சுருக்குங்கள்.