மெயின்செயில் ஏத்த மூச்சு வாங்குதா? அதுக்காக எலக்ட்ரிக் வின்ச் வாங்காதீங்க

30-35 அடி செயில்போட் (பாய்மர படகு) வச்சிருக்கவங்ககிட்ட பேசினா முக்காவாசி பேரோட புலம்பல் ஒண்ணுதான், மெயின்செயில (மாஸ்ட்ங்கிற பாய்மரத்துக்கு பின்னாடி இருக்க பெரிய பாய) ஏத்துறதுக்குள்ள இடுப்பு கழண்டுடுது, எறக்குனா பாதியில நின்னுடுது, மடிச்சு கட்டுறதுக்குள்ள பொழுது சாஞ்சுடுது. அதனால நல்ல காத்து இருக்கப்பவும் மெயின தொடாம ஜென்வாவ (முன்பக்க பாய) மட்டும் விரிச்சுட்டு இஞ்சின போட்டு ஓட்டிட்டு வந்துடறாங்க. அப்புறம் எலக்ட்ரிக் வின்ச் (கயித்த சுத்தி இழுக்குற உருளை, மோட்டர் வச்சது) என்ன விலைன்னு விசாரிக்க ஆரம்பிப்பாங்க, முதல் தப்பே இங்கதான் நடக்குது. சதுர மீட்டருக்கு 300 கிராம் டேக்ரான்ல (பாய் தைக்கிற பாலியஸ்டர் துணி) 30 சதுர மீட்டர் பாய்னா துணி 9 கிலோதான், பேட்டன் (பாய் விறைப்பா நிக்க உள்ள சொருகுற பட்டை), ஸ்லைட் (பாய் ஓரத்துல இருந்து மாஸ்ட்ல வழுக்கி ஏறுற துண்டு) எல்லாம் சேர்த்தாலும் 25 கிலோ அரிசி மூட்டைய விட கம்மி. கையில கனமா தெரியறது பாய் இல்லைங்க, உராய்வு. அது எங்க இருக்குன்னு பாக்காம மோட்டர மாட்டினா அந்த மோட்டர் உராய்வையும் சேத்து இழுக்கும், பேட்டன் எங்கயாவது மாட்டியிருந்தா அதுக்கு தெரியாது, பாய கிழிச்சுட்டுதான் நிக்கும்.

கண்டுபிடிக்க காசு செலவில்ல. ஹால்யார்ட (பாய ஏத்துற கயிறு) பாயிலேர்ந்து கழட்டி நுனில ஒரு மெல்லிசு கயித்த கட்டுங்க (கட்டாம இழுத்தா நுனி மாஸ்ட் உச்சிக்கு போயிடும், அப்புறம் ஆள் ஏறணும்), இப்ப காக்பிட்லேர்ந்து (படகு ஓட்டறவங்க உக்கார்ற இடம்) இழுத்து பாருங்க. வெறும் கயிறே கனமா வந்துச்சுன்னா பாய் மேல பழி போடாதீங்க. மாஸ்ட் உச்சி கப்பி இறுகியிருக்கலாம், மாஸ்ட் அடியில இருக்க கப்பி உப்பு பிடிச்சிருக்கலாம், பழைய கயிறு உப்பேறி ஊதிப்போய் கிளட்ச்ல (கயித்த நகராம பிடிக்கிற பூட்டு) உரசலாம். எல்லா கயித்தையும் காக்பிட்டுக்கு கொண்டு வர்றது சவுகரியம்தான், ஆனா கயிறு திரும்புற ஒவ்வொரு இடமும் உங்க பலத்துல ஒரு பங்க தின்னுது. சின்ன போட்ல ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் மாஸ்ட் பக்கத்துல நின்னு கையால இழுக்க இன்னொருத்தர் காக்பிட்ல தொய்வ எடுத்தா வின்ச்சே கடைசி ஒரு மீட்டருக்குதான் தேவைப்படும். சிலர் பாயோட தலையில ஒரு கப்பிய வச்சு கயித்த இரட்டையா விட்டு 2:1 ஹால்யார்ட் போடுவாங்க, கனம் பாதியாகும், ஆனா 12 மீட்டர் ஏத்த 24 மீட்டர் கயிறு இழுக்கணும், எறக்கும்போது அவ்வளவு கயிறும் திரும்ப மேல ஓடணும், அதனால பாய் தானா விழறது இன்னும் மந்தமாகும்.

கயிறு லேசா வந்தா அடுத்தது மாஸ்ட் டிராக், ஸ்லைட் ஓடற தடம். நல்ல தண்ணி விட்டு கழுவி சோப்பு போட்டு தேய்ச்சாலே பல போட்ல பிரச்சினை பாதி தீந்துடும். கிரீஸ், டபிள்யூடி-40 எல்லாம் அடிக்காதீங்க, அன்னைக்கு வழுக்கும், அப்புறம் தூசியும் உப்பும் அதுலயே ஒட்டி பசையாயிடும், பாயும் கறையாகும். காஞ்சு போற ட்ரை லூப்ரிகன்ட், மெக்லூப் செயில்கோட் மாதிரி, அதுதான் சரி.

ஃபுல் பேட்டன் பாயா, அதாவது பேட்டன் பாயோட முழு அகலத்துக்கும் இருந்தா, கதை வேற. ஒவ்வொரு பேட்டனும் மாஸ்ட முன்பக்கமா தள்ளுது, அந்த அழுத்தத்துல சாதா பிளாஸ்டிக் ஸ்லைட் கோணிக்கிட்டு நின்னுடும். ஃபுல் பேட்டன் போட்டுட்டு ஸ்லைட மாத்தாம விடறது பெரிய தப்பு, பால் பேரிங் கார் (ஸ்லைடுக்கு பதிலா டிராக்ல உருளுற சின்ன வண்டி) இல்லனா டைட்ஸ் மரைன் ஸ்ட்ராங் டிராக் மாதிரி வழுக்குற பட்டை வேணும். இந்த முழு நீள பேட்டன், பாய் விழுந்து சேர்ற கயித்து தொட்டில் எல்லாம் சீனா ஜங்க் படகுல ரொம்ப காலமா இருக்கிறதுதான். 1960ல ஒத்த ஆளா அட்லாண்டிக் தாண்டுற ரேஸ்ல பிளாண்டி ஹாஸ்லர் ஜெஸ்டர்ங்கிற 25 அடி படகுல ஜங்க் பாய கட்டிட்டு போனாரு, டெக்குக்கு போகாம ஹேட்ச்ல (டெக்ல இருக்க திறப்பு) நின்னபடியே ஏத்தி எறக்கி ரெண்டாவதா வந்தாரு.

ஏத்தும்போது நடக்கிற கூத்து இன்னொரு பக்கம். மெயின் ஷீட் (பூம்ங்கிற பாயோட அடிக்கட்டைய இழுத்து பிடிக்கிற கயிறு), கிக்கர் (பூம் மேல எழும்பாம பிடிக்கிறது) தளர்த்தாம, ரீஃப் கயிறு (பாய சின்னதாக்குற கயிறு) கிளட்ச்ல பூட்டியிருக்கிறத பாக்காம மல்லுகட்டுவாங்க. காத்துக்கு நேரா நிக்கணும்னு இஞ்சின முழுசா முடுக்குவாங்க, அது இன்னும் காத்த கூட்டி பாய படபடன்னு அடிக்க வைக்கும், பேட்டன் நுனி போய் லேஸி ஜாக்ல (பாய் விழுந்து சேர்ற அந்த கயித்து தொட்டில்) மாட்டும். மெதுவா போங்க, லேஸி ஜாக்க முன்னாடி மாஸ்டோட இழுத்து கட்டிட்டு ஏத்துங்க, எறக்கறதுக்கு முன்னாடி திரும்ப விரிச்சுக்கலாம். கண்ணு எப்பவும் மேல இருக்கட்டும். எறக்கறப்போ டாப்பிங் லிஃப்ட (பூமோட பின் நுனிய மேலேர்ந்து தாங்குற கயிறு) இழுத்து கட்டினீங்களான்னு பாருங்க, பூம கீழேர்ந்து தாங்குற ரிஜிட் கிக்கர் இல்லாத போட்ல இத மறந்தா பூம் நேரா காக்பிட்ல இருக்கவங்க தலையில வந்து இறங்கும். பாய் தானா விழலன்னா தலைப்பகுதிலேர்ந்து கீழ இழுக்க ஒரு மெல்லிசு டவுன்ஹால் கயிறு விட்டா போதும், அதுக்காக மாஸ்ட்ல ஏறி தொங்க வேணாம்.

மடிச்சு வைக்கிறதுல ஸ்டாக் பேக் (பூம் மேல இருக்க ஜிப் வச்ச பாய் உறை) நல்ல சாமான்தான், ஆனா ஜிப்ப மூடாம வாரக்கணக்குல விட்டா மழைத்தண்ணி தேங்கி பூஞ்சை பிடிக்கும், வெயில் தையல் நூல அரிச்சுடும். ஈரமா மடிச்சிருந்தா அடுத்த காஞ்ச நாள்ல கொஞ்சம் ஏத்தி உலர்த்திடுங்க.

பாய்க்கு பால் பேரிங் கார் புதுசா வாங்கறவங்க ஒண்ணு பாத்துக்கோங்க, கார் பெருசானா எறக்கின பாயோட அடுக்கு உயரமும் ஏறும். சில போட்ல ஹெட்போர்டு (பாயோட உச்சி தகடு) கைக்கு எட்டாத உயரத்துல போய் நின்னுடுது, ஹால்யார்ட் மாட்ட மாஸ்ட்ல படி வைக்க வேண்டி வருது. அதனால ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு காரோட உயரத்த மொத்த கார் எண்ணிக்கையால பெருக்கி மாஸ்ட்ல டேப் வச்சு அளந்து பாத்துடுங்க.