அடாப்டிவ் ஹெட்லைட் வேலை செய்கிறதா? நீங்களே சோதிக்கலாம்

ஷோரூமில் "அடாப்டிவ் ஹெட்லைட் சார்" என்பார்கள். எந்த வகை என்று கேட்டால் பதில் வராது. ஓனர்ஸ் மேனுவலைப் பாருங்கள். ஸ்டீயரிங் திரும்பும் பக்கம் விளக்கும் திரும்புவது ஒரு வகை. 1967-லேயே சித்ரோன் டிஎஸ் காரில் வந்துவிட்டது. ஹை பீம் எரியும்போதே எதிர்வண்டி இருக்கும் இடத்தை மட்டும் இருட்டாக்குவது மேட்ரிக்ஸ் எல்இடி. திரும்பும்போது ஃபாக் லேம்ப் மட்டும் எரிந்தால் அது வெறும் கார்னரிங் லேம்ப். அதற்காக அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

படி 1: அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சமதளமாகப் பார்த்து, சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறியுங்கள். லோ பீமின் மேல்விளிம்பு அதற்குச் சுமார் 5 செ.மீ. கீழே விழ வேண்டும். மொபைல் ஆப் எல்லாம் வேண்டாம், மாஸ்கிங் டேப்பும் இன்ச் டேப்பும் போதும். இடது பக்கம் ஒளி மேலே ஏறினால் கோளாறு இல்லை. ஓரமாக நடப்பவர்கள் தெரிவதற்காக அப்படி.

படி 2: என்னை அதிகம் சுற்றவிட்டது இதுதான். நின்றபடி ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினாலும் பல கார்களில் விளக்கு அசையாது. ஸ்டீயரிங் கோணத்தோடு வண்டியின் வேகத்தையும் கணக்கில் வைத்துத்தான் கம்ப்யூட்டர் விளக்கின் மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கிறது. வேகம் பூஜ்யமென்றால் உத்தரவும் இல்லை. ரிவர்ஸிலும் பெரும்பாலும் அப்படித்தான். சுவிட்சை ஆட்டோவில் வைத்து, இரவில் ஆளில்லாத வளைவில் ஓட்டிப் பாருங்கள். சர்வீஸுக்கு ஓடுவது அப்புறம்.

படி 3: மேட்ரிக்ஸை சென்னை ஓஎம்ஆர் சாலையில் சோதித்துப் பயனில்லை. எதிர்வண்டியைப் பார்ப்பது முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராதான்; தெருவிளக்கு வெளிச்சத்தைக் கண்டதும் அது ஹை பீமையே தராது. கோவளம் தாண்டி, ஈசிஆரில் இருட்டான பகுதியாகப் பாருங்கள். கிளம்பும் முன் கேமராவுக்கு எதிரே கண்ணாடியைத் துடையுங்கள். கடற்காற்றின் உப்புப் படலம் அதன் பார்வையை மங்கவைக்கும்.

பின்சேர்க்கை: மேட்ரிக்ஸ் இருந்தும் ஜிஎஸ்டி சாலையில் லாரிக்காரர்கள் லைட் அடித்துத் திட்டுகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். சென்டர் மீடியன் அரளிச் செடிகள் லாரியின் ஹெட்லைட்டை மறைத்தால் கேமராவுக்கு லாரி தெரியாது. ஆனால் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் கண்ணில் உங்கள் வெளிச்சம் நேராக அடிக்கும். அந்த மாதிரி இடத்தில் நானே லோ பீமுக்கு மாற்றிவிடுவேன். சஸ்பென்ஷன் வேலை பார்த்தவர்கள் படி 1-ஐ மறுபடி செய்யுங்கள். விளக்கின் சாய்வைச் சரிசெய்ய உதவும் உயர சென்சார் அங்கேதான் இருக்கிறது, அளவு மாறியிருந்தால் சர்வீஸில் ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) வைத்து சரிசெய்யச் சொல்லுங்கள்.