முதல் இறக்குமதி: சென்னையில் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் எப்படி நடக்கிறது?

கப்பல் வந்த பிறகுதான் கஸ்டம்ஸ் வேலை என்று நினைத்து பலர் பணத்தை விடுகிறார்கள். உண்மையில் சப்ளையருக்கு அட்வான்ஸ் அனுப்பும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு கன்டெய்னர் வருகிறது என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

படி 1: பதிவுகள்

முதலில் ஐ.இ.சி. (இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண்) வேண்டும். டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். உங்கள் பான் எண்தான் ஐ.இ.சி. எண்ணும். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் வருடாவருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பித்துவிடுங்கள், இல்லையென்றால் முடக்கிவிடுவார்கள். அப்புறம் வங்கியில் ஏ.டி. கோடு (அன்னியச் செலாவணி கையாள அனுமதி பெற்ற வங்கிக் கிளையின் குறியீடு) வாங்கி, கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

படி 2: எச்.எஸ். கோடு

எச்.எஸ். கோடு என்பது பொருள் எந்த வகை என்று சொல்லும் எண். இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். இந்தியாவில் இது 8 இலக்கம். முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்று. கடைசி இரண்டு நம் நாட்டுக்கே உரியவை. அதனால் சப்ளையர் கொடுக்கும் கோடை அப்படியே போடாதீர்கள்.

தீர்வை (சுங்க வரி) எவ்வளவு, என்ன அனுமதி வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கோடைப் பொறுத்தது. பொம்மைகளுக்கு 2021 முதல் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை கட்டாயம். அந்த முத்திரைக்கான உரிமம் வெளிநாட்டுத் தொழிற்சாலையின் பெயரில் இருக்க வேண்டும். சரக்கு வந்த பிறகு இங்கே உட்கார்ந்து வாங்க முடியாது. திருப்பி அனுப்பவோ அழிக்கவோதான் வேண்டியிருக்கும். உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி தனி.

படி 3: தீர்வைக் கணக்கு

பொருளின் விலை, கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்த மதிப்பின் மேல்தான் தீர்வை. அந்த மதிப்பு 1,00,000 ரூபாய், அடிப்படைத் தீர்வை 10%, ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதி மீதான ஜி.எஸ்.டி.) 18% என்று வைத்துக்கொள்வோம்:

அடிப்படைத் தீர்வை: 10,000
சமூக நல சர்சார்ஜ் (தீர்வையில் 10%): 1,000
ஐ.ஜி.எஸ்.டி. (1,11,000 மீது 18%): 19,980
மொத்தம்: 30,980

ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் ஐ.ஜி.எஸ்.டி.யைப் பொதுவாக உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கட்டும் நாளில் கையில் காசு இருந்தாக வேண்டும்.

இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போடலாமா என்று சில சப்ளையர்களே கேட்பார்கள். வேண்டாம். அதே பொருள் மற்றவர்களுக்கு என்ன விலையில் வந்தது என்ற விவரம் கஸ்டம்ஸிடம் இருக்கிறது.

படி 4: பில் ஆஃப் என்ட்ரி

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) மூன்றிலும் எடையும் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டு கஸ்டம்ஸ் புரோக்கரிடம் கொடுங்கள். துறைமுக வட்டாரத்தில் இவரை இன்னமும் சி.எச்.ஏ. (கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜென்ட்) என்றே சொல்வார்கள். பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி அறிவிப்பை ஐஸ்கேட்டில் தாக்கல் செய்வது அவர் வேலை. அனுப்பும் முன் அதன் வரைவான செக்லிஸ்ட்டை வாங்கி வரிவரியாகப் படிப்பது உங்கள் வேலை.

பொதுவாகக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், அதன் பிறகு தினம் 10,000.

படி 5: மதிப்பீடும் சோதனையும்

எந்தச் சரக்கைப் பார்ப்பது என்று கணினியே இடர் அளவை வைத்துப் பிரிக்கும். சிலது நேராகப் போய்விடும். சிலது அதிகாரியிடம் போகும். அந்த அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். முகமற்ற மதிப்பீடு எனும் இந்த முறை 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூருவிலும்தான் முதலில் தொடங்கியது. ஆகவே ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் போய் நிற்பதால் பெரிய பலன் இல்லை. கேள்வி வந்தால் ஆன்லைனில் உடனே பதில் போடுங்கள்.

தீர்வையைக் கட்டி, சோதனை இருந்தால் அதுவும் முடிந்தால், ‘அவுட் ஆஃப் சார்ஜ்’, அதாவது சரக்கை எடுத்துச் செல்ல கஸ்டம்ஸ் அனுமதி, கிடைக்கும்.

படி 6: சரக்கை எடுப்பது

கப்பல் கம்பெனியிடம் டெலிவரி ஆர்டர் (சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் கடிதம்) வாங்க வேண்டும். சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்குக் கிடங்கு) யார்டில் இலவச நாட்கள் தாண்டினால் அங்கே வாடகை ஏறும். கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பினால் கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம். இரண்டும் தனித்தனி பில். இலவச நாட்கள் எத்தனை என்பதை புக்கிங் சமயத்திலேயே பேசி எழுத்தில் வாங்குங்கள். காலி கன்டெய்னரை ஒப்படைத்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள், கன்டெய்னருக்குக் கட்டிய டெபாசிட்டைத் திரும்பக் கேட்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.