கமிட் எழுதும் பழக்கத்தை மாணவர்களிடம் ஏற்படுத்திய விதம்

நான் நிரலாக்கம் கற்பிக்கும் வகுப்பில், ஒரே நிரலை ‘இறுதி’, ‘இறுதி புதியது’ என்று பல பெயர்களில் சேமித்துவிட்டு, எது ஓடும் பதிப்பு என்று தெரியாமல் ஒப்படைக்கும் நாளில் மாணவர்கள் தவிப்பது வழக்கமாக இருந்தது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் படிப்படியாகப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளை விரிவுரையாக விளக்கியபோது, கட்டளைகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினார்களே தவிர, தம் வேலையில் பயன்படுத்தவில்லை.

நிலைமையை மாற்றியது ஒரு பயிற்சிதான். கிட்டில் ஒவ்வொரு முறை பதியும் மாற்றமும் ஒரு கமிட்; கோப்புகளும் அவற்றின் கமிட் வரலாறும் சேர்ந்திருக்கும் இடம் களஞ்சியம். நீண்ட கமிட் வரலாறு கொண்ட ஒரு களஞ்சியத்தில் நானே ஒரு பிழையைப் புகுத்தி, அது எந்தக் கமிட்டில் நுழைந்தது என்பதை ‘கிட் பைசெக்ட்’ கட்டளையால் கண்டுபிடிக்கச் சொன்னேன். அது ஒவ்வொரு முறையும் தேடும் பரப்பைப் பாதியாகக் குறைப்பதால், 1,000 கமிட்டுகள் இருந்தாலும் ஏறத்தாழ 10 சோதனைகளில் விடை கிடைத்துவிடும். ஆனால் இடையில் ஓடாத கமிட் வந்தால் அதைத் தாண்டிச் செல்ல வேண்டியிருக்கும். பல மாற்றங்களை ஒன்றாகத் திணித்த கமிட் அகப்பட்டால், பிழை அதில் எந்த வரியில் இருக்கிறது என்று மறுபடியும் தேட வேண்டும். கமிட் சிறியதாகவும் ஓடக்கூடியதாகவும் ஏன் இருக்க வேண்டும் என்பதை இந்தச் சிரமமே அவர்களுக்கு உணர்த்தியது. என் விரிவுரைகளால் அது முடிந்திருக்காது என்றே நம்புகிறேன்.

அதன்பின் மதிப்பெண்ணில் ஒரு பகுதியைக் கமிட் வரலாற்றுக்கு ஒதுக்கினேன். என்ன மாறியது என்பதை நிரலே காட்டிவிடுவதால், ஏன் மாற்றினோம் என்பதைக் கமிட்டுடன் இணைக்கும் செய்தியில் எழுதும்படி கேட்கிறேன். கடவுச்சொல் உள்ள கோப்பு களஞ்சியத்தில் சேர்ந்தால், பின்னர் அழித்தாலும் அது வரலாற்றில் தங்கிவிடும் என்பதால், எந்தக் கோப்புகளைச் சேர்க்கக் கூடாது என்று கிட்டுக்குச் சொல்லும் ‘கிட்இக்னோர்’ கோப்பை முதல் கமிட்டிலேயே வைக்கச் சொல்கிறேன்.